கிறிஸ்டினா யாருடைய மகள்?

இந்தப் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஒரு பெண், பதினைந்து பதினாறு வயது இருக்கும், கடற்கரையில் சிவப்பு உடையில். அவிழ்ந்து விழும் நீளமான முடி. கேமராவைப் பார்க்கவில்லை. பின்னால் மங்கலான கடல். படத்துக்குக் கீழே, "நூறு வருஷத்துக்கு முந்தைய கலர் போட்டோ, நம்ப முடிகிறதா?" என்கிற மாதிரி ஏதாவது ஒரு வரி. கூடவே இன்னொரு தகவலும் வந்திருக்கும்: இங்கிலாந்தில் மெர்வின் ஓ'கார்மன் என்கிற பொறியாளர் 1913இல் தன் மகள் கிறிஸ்டினாவை எடுத்த படங்கள் இவை.

முதல் வரியை நம்பலாம். இரண்டாவது தப்பு. ஓ'கார்மனுக்குக் குழந்தைகளே கிடையாது.

இந்தப் படங்கள் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டியின் சேகரிப்பில் இருந்தவை. 2014 கடைசியில் லண்டன் சயின்ஸ் மியூசியத்திலும், அடுத்த வருஷம் பிராட்ஃபோர்டிலும் அந்தச் சேகரிப்பிலிருந்து ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதையொட்டித்தான் இவை இணையத்தில் பரவின. அப்போது எல்லா இடத்திலும் 'மகள்' என்றுதான் போட்டார்கள். பிறகு தேடிப் பார்த்ததில், படத்தில் இருப்பவர் கிறிஸ்டினா பெவன், அதாவது எட்வின் பெவன் என்கிற வரலாற்றாசிரியரின் மகள் என்று தெரியவந்தது. ஓ'கார்மனுக்குத் தெரிந்த குடும்பம்.

எட்வின் பெவன் யாரென்று நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அலெக்ஸாண்டருக்குப் பிறகான கிரேக்க உலகம் அவருடைய துறை. நம்ம பள்ளிப் பாடத்தில் சந்திரகுப்த மௌரியரோடு சண்டை போட்டுச் சமாதானமாகிப் போகிறாரே செலூக்கஸ், அவருடைய வம்சத்தைப் பற்றி 1902இல் இரண்டு பாகம் எழுதியவர். கிறிஸ்டினா கடற்கரையில் நின்ற அதே 1913இல் இந்திய தேசியவாதம் பற்றியும் ஒரு புத்தகம் போட்டார். இது சும்மா ஒரு கிளைத்தகவல். விட்டுவிடலாம்.

அப்பா இல்லை என்று தெரிந்த பிறகு அந்தப் படத்துக்கு என்ன ஆகிறது? என் கேள்வி இதுதான். ஏனென்றால் 'மகள்' என்ற தலைப்போடு அவை சுற்றிக்கொண்டிருந்தபோது, அவற்றைப் பற்றி எழுதியவர்கள் பலரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: ஒரு தகப்பனின் பாசம் படத்தில் தெரிகிறது, அந்நியனால் இப்படி எடுக்க முடியாது, அந்தப் பெண் இவ்வளவு இயல்பாக இருப்பதற்குக் காரணம் எதிரே நிற்பவர் அப்பா என்பதுதான். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே நின்றவர் அப்பா இல்லையே. அப்படியென்றால் நாம் படத்தில் பார்த்த அந்தப் பாசம் எங்கே இருந்தது?

என் பதில்: கொஞ்சம் தலைப்பில் இருந்தது, பெரும்பகுதி உருளைக்கிழங்கில் இருந்தது.

உருளைக்கிழங்கு என்றது கிண்டலுக்கு இல்லை. ஓ'கார்மன் பயன்படுத்தியது ஆட்டோகுரோம் தகடு. சினிமாவுக்குப் பேர்போன அதே லூமியேர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் உருளைக்கிழங்கு மாவுத் துகள்களை, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு, ஆரஞ்சுச் சிவப்பு, பச்சை, நீல ஊதா என்று மூன்று நிறத்தில் சாயமேற்றிக் கலந்து தூவிவிடுவார்கள். சதுர அங்குலத்துக்குச் சுமார் 40 லட்சம் துகள். இடைவெளிகளைக் கரித்தூளால் அடைத்து, அதன்மேல் கறுப்பு வெள்ளை ரசாயனப் பூச்சு. வெளிச்சம் இந்த மாவுத் துகள்கள் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி ஃபில்டர். கழுவி எடுக்கும்போது படத்தை நெகடிவ்விலிருந்து பாசிட்டிவ்வாகத் திருப்பிவிடுவார்கள். கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு கண்ணாடி. அதற்குப் பிரதி கிடையாது.

இதில் இரண்டு விஷயம் நமக்கு முக்கியம். ஒன்று, வெளிச்சம் இவ்வளவு தடைகளைத் தாண்டிப் போகவேண்டியிருப்பதால் சாதாரணத் தகட்டைவிடப் பல மடங்கு நேரம் திறந்துவைக்கவேண்டும். நல்ல வெயிலிலேயே ஒரு நொடி, அதற்கு மேலும் ஆகும். வீட்டுக்குள் எடுப்பதென்றால் பாடுதான். அதனால்தான் இந்தப் படக்காரர்கள் பலரும் ஆட்களைத் தோட்டத்துக்கும் மலைக்கும் கடற்கரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். வெளிப்புற ரசனை என்று நாம் நினைப்பதில் பாதி, வேறு வழியில்லாமை.

இரண்டு, ஒரு நொடிக்கு மேல் ஒருவர் அசையாமல் இருக்கவேண்டும். வேண்டுமானால் இப்போதே முயன்று பாருங்கள். உதட்டில் சிரிப்பை வைத்துக்கொண்டு இரண்டு நொடி அசையாமல் இருந்தால் சிரிப்பு பல்லிளிப்பாகிவிடும். லென்ஸையே உற்றுப் பார்த்தால் கண் சிமிட்டும். ஆகவே எளிய வழி: முகத்தைத் தளர்த்திக்கொள், வேறு எங்காவது பார், மூச்சை மெதுவாக விடு. கிறிஸ்டினா இதைத்தான் செய்கிறாள் என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் திரும்பியிருக்கிறாள், கண் தாழ்ந்திருக்கிறது. நாம் அதைச் சிந்தனை, தனிமை, வளரிளம் பருவத்து மௌனம் என்றெல்லாம் வாசிக்கிறோம். ஏதோ ஒரு சிந்தனை இருந்திருக்கலாம், இல்லையென்று சொல்ல நான் யார். ஆனால் அந்த முகபாவம் அந்தத் தகட்டுக்குத் தோதான முகபாவமும்தான்.

சிவப்புக்கும் இதே கதைதான். ஆட்டோகுரோம்காரர்களுக்குச் சிவப்பு என்றால் உயிர். அந்த முறையில் சிவப்பு தூக்கலாக, கெட்டியாக விழும். லல்வர்த் கோவ் என்கிற அந்த டோர்செட் கடற்கரையில் கூழாங்கல், வெளிர்ப் பாறை, சாம்பல் பூத்த கடல். எல்லாம் அடங்கிய நிறங்கள். நடுவில் ஒரு சிவப்பு உடுப்பு. ஓ'கார்மன் தெரிந்துதான் செய்திருக்கிறார். நீச்சலுடையும் சிவப்பு, மேலங்கியும் சிவப்பு. தற்செயலாக அன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்த உடை என்று நம்புகிற அளவுக்கு நான் வெள்ளந்தி இல்லை.

அடுத்து, ஏன் இது 'இன்றைக்கு எடுத்த மாதிரி' இருக்கிறது? அன்றைய பெண்களின் படங்களில் நமக்குக் காலத்தைக் காட்டிக்கொடுப்பவை தொப்பி, கொண்டை, கழுத்துவரை பொத்தான். நீச்சலுடையும் அவிழ்த்த முடியும் அதையெல்லாம் கழற்றிவிட்டன. போதாததற்கு அந்தத் துகள் துகளான மென்மை, இப்போது ஃபில்டர் போட்டு நாம் வரவழைத்துக்கொள்கிற மென்மை. இன்னொன்றும் உண்டு. ஆட்டோகுரோமைக் காகிதத்தில் அச்சடித்தால் செத்துப்போகும். அது பின்னாலிருந்து வெளிச்சம் விட்டுப் பார்க்கவேண்டிய பொருள். போன் திரையும் அப்படித்தான் வேலை செய்கிறது. நூறு வருஷமாகப் புத்தகத்தில் சோகையாகக் கிடந்த இந்த வகைப் படங்கள் செல்போன் வந்த பிறகு திடீரென்று உயிர்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

சரி, தொழில்நுட்பம் எல்லாவற்றையும் விளக்கிவிடுமா? விளக்காது. அதே தகட்டை, அதே சிவப்பை, அதே வெயிலை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் பொம்மை மாதிரிப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு ஒரு நிஜ அப்பா வேண்டும். இருக்கிறார்.

ஹைன்ரிஷ் கூன். 1866இல் டிரெஸ்டனில் பிறந்து, இன்ஸ்புருக்கில் குடியேறியவர். மருத்துவம் படிக்கப் போய் விட்டுவிட்டு, குடும்பச் சொத்து இருந்ததால் வேலை என்று எதற்கும் போகாமல் புகைப்படத்திலேயே மூழ்கியவர். அந்தக் காலத்தில் அமெச்சூர் என்பது மரியாதையான சொல். காசுக்காக எடுக்காதவன், ஆகையால் கலைக்காக எடுப்பவன் என்று பொருள். ஸ்டீக்லிட்ஸுக்கு நெருங்கிய நண்பர். 1907இல், ஆட்டோகுரோம் வெளிவந்த சூட்டோடு, ஸ்டீக்லிட்ஸ், ஸ்டைகன், ஃபிராங்க் யூஜின், கூன் நாலு பேரும் மியூனிக் பக்கம் டுட்சிங்கில் கூடி அதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

கூனுக்கு நான்கு குழந்தைகள். மனைவி எம்மா 1905இல் இறந்துவிட்டார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த மேரி வார்னர் என்கிற இங்கிலாந்துப் பெண் பின்னாளில் கூனுடைய வாழ்க்கைத் துணையும் ஆனார். இந்த ஐந்து பேரும்தான் கூனின் மாடல்கள். வால்டர், எடெல்ட்ரூட, ஹான்ஸ், லாட்ட, மேரி. திரும்பத் திரும்ப, வருஷக்கணக்கில். டிரோல் மலைச்சரிவில் கேமராவைத் தாழ வைத்து, புல்மேட்டையும் வானத்தையும் மட்டும் விட்டு, நடுவே குழந்தைகளை நிறுத்துவார். நீலம், வெள்ளை, சிவப்பு உடுப்புகள். புல்லும் மேகமும் குழந்தையும் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை பார்க்கும்போது ஒன்று உறுத்தும். முகங்கள் இல்லை. இருக்கின்றன, ஆனால் சின்னதாக, திரும்பியபடி, நிழலில். குழந்தைகள் அந்தச் சட்டகத்தில் குழந்தைகளாக இருப்பதைவிட நிறங்களாக இருக்கிறார்கள். கூனுக்கு வாழ்நாள் முழுக்க இருந்த கவலை ஒளியின் படிநிலைகள்: வெள்ளையில் எத்தனை வெள்ளை, நிழலில் எத்தனை நிழல். அதற்காகப் பிள்ளைகளுக்குப் படத்துக்கென்றே உடைகள் வைத்திருந்தார். இந்த நிறம், இந்த அழுத்தம் என்று. இதோ நீலம் அங்கே நில், வெள்ளை கொஞ்சம் மேலே ஏறு என்று அவர் சொல்வதை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. அவர் அன்பில்லாத அப்பா என்று நான் சொல்லவில்லை. அது நமக்குத் தெரிய வழியுமில்லை. ஆனால் அப்பா என்கிற பதவி அவருக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறது: நிற்கச் சொன்னால் நிற்கிற மாடல்கள். சம்பளம் கேட்கமாட்டார்கள், நேரமாகிறது என்று கிளம்பமாட்டார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இருப்பார்கள்.

இங்கேதான் எனக்கு அந்த வைரல் வாசிப்பு முழுவதும் தலைகீழாகத் தெரிகிறது. அந்நியனால் இப்படி எடுக்க முடியாது என்றார்கள். எனக்கென்னமோ, பெற்ற பிள்ளை இல்லை என்பதால்தான் ஓ'கார்மனால் அப்படி எடுக்க முடிந்தது என்று தோன்றுகிறது. ஊரார் வீட்டுப் பெண்ணைப் படமெடுக்க வேண்டுமென்றால் கேட்கவேண்டும். கேட்டுத்தான் நிற்கவைக்க முடியும். நின்றது போதும் என்று அந்தப் பெண் நினைத்தால் நிறுத்தவேண்டும். அந்தத் தயக்கம் படத்தில் ஒரு தூரமாக இறங்குகிறது. கேமரா அவளை நெருக்கி மூச்சுமுட்டவைக்கவில்லை, எங்கோ ஒரு மேட்டில் புள்ளியாகவும் வைக்கவில்லை. முகம் முகமாக இருக்கிறது, ஆனால் அதைத் திருப்பி நம்மிடம் ஒப்படைக்கவில்லை. நாம் 'பாசம்' என்று படித்தது இந்த மரியாதையைத்தான் என்பது என் கட்சி.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஓ'கார்மனுக்கு மட்டும் அவள் நிறமாக இல்லையா? சிவப்பைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தானே? உண்மை. மனுஷன் தொழிலிலும் அளந்து பார்க்கிற ஆள். அந்த நேரத்தில் ஃபார்ன்பரோவில் இருந்த அரசாங்க விமானத் தொழிற்சாலைக்கு அவர்தான் தலைவர், 1909 முதல் 1916 வரை. முதல் உலகப் போரில் பறந்த பி.இ.2 ரக விமானங்கள் அங்கே உருவானவைதான். அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு புதுத் தொழில்நுட்பம் கிடைத்தால் சோதனைதான் செய்வார். கிறிஸ்டினா அந்தச் சோதனையின் ஒரு பகுதி. ஆனாலும் சிவப்பு போட்ட பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கும், பெண் வடிவில் ஒரு சிவப்பு இருக்கிறது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஓ'கார்மனின் படங்களில் சிலவற்றில் முதலாவது நடந்திருக்கிறது. படகில் சாய்ந்து நிற்கிற படத்தில் அவ்வளவாக இல்லை. அது ஓவியத்தைப் பார்த்து நிறுத்திய மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு எதிர்வாதம் கூன் பக்கத்திலிருந்து. பெற்றவர் எடுக்கும் படத்தை ஒற்றைப் படமாக வைத்து எடைபோடுவது நியாயமா? இது வலுவான கேள்வி. அப்பாவோ அம்மாவோ எடுக்கிற படத்தில் வேறு யாராலும் கொண்டுவர முடியாத ஒன்று உண்டென்றால் அது தொடர்ச்சி. ஓ'கார்மனிடம் இருப்பது ஒரு கோடைகாலம், ஒரு கடற்கரை, ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய தகடுகள். கூனிடம் இருப்பது ஒரு குழந்தைப் பருவம் முழுவதும். கைக்குழந்தை நடக்கிறது, நடந்தது வளர்கிறது, மேட்டில் ஏறிய சின்னப் பெண் ஒருநாள் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு பெரியவள் மாதிரி நிற்கிறாள். எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தால், ஒளிப் படிநிலைக்காகத்தான் எடுத்தேன் என்று கூனே சொன்னாலும், அவர் அறியாமல் ஒரு காலக் கணக்கு அங்கே பதிவாகியிருப்பது தெரியும். ஒற்றைப் படத்தில் கூனைவிட ஓ'கார்மன் மேல். மொத்தமாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தலைப்பின் வேலை பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். யூஜின் ஸ்மித்தின் புகழ்பெற்ற ஒரு படம்: இரண்டு சின்னக் குழந்தைகள் கைகோத்து, இருட்டான புதரிலிருந்து வெளிச்சத்துக்குள் நடந்துபோகிறார்கள், முதுகு மட்டும்தான் தெரியும். 1946இல் எடுத்தது. அவருடைய சொந்தப் பிள்ளைகள். ஸ்மித் அமெச்சூர் இல்லை, போர் முனையில் வேலை பார்த்த பத்திரிகைப் படக்காரர். 1945இல் ஒகினாவாவில் குண்டடிபட்டு, அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சையாகக் கிடந்து, வெகுகாலம் கேமராவைத் தொடாமல் இருந்து எடுத்த படம் இது. அந்தப் பின்கதை தெரிந்தால் தொண்டை அடைக்கும். தெரியாவிட்டால், காலண்டருக்கு நல்ல படம். 1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'மனிதக் குடும்பம்' கண்காட்சியை ஸ்டைகன் (டுட்சிங்கில் கூனோடு இருந்த அதே ஸ்டைகன்தான்) இந்தப் படத்தோடு முடித்தார். எனக்கு இது ஓரளவுக்குத்தான் பிடிக்கும். முகம் காட்டாத குழந்தை யாருடைய குழந்தையாகவும் ஆகிவிடும், அதுதான் அதன் பலம். பலவீனமும் அதுவே. இந்தப் படத்துக்கு அந்த இரண்டு பிள்ளைகளும்தான் வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை.

கிறிஸ்டினாவுக்கு நேர்ந்தது இதற்கு மறுபக்கம். முகம் தெளிவாக இருக்கிறது, யாருடைய பெண் என்பது மட்டும் நூறு வருஷம் கழித்து மாறிப்போனது. 'மகள்' என்று ஒரு வார்த்தை போட்டவுடன் நாம் மீதியை நிரப்பிக்கொண்டோம். ஓ'கார்மனுக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டிருந்தால் விஷயம் அப்போதே உடைந்திருக்கும், யாரும் கேட்கவில்லை. அந்த வார்த்தைக்கு நம்மிடம் அவ்வளவு செல்வாக்கு. வேறு உறவு எதையாவது போட்டிருந்தால், உதாரணமாக 'நண்பரின் மகள்' என்று, நாற்பது தாண்டிய ஓர் ஆண் பதினாறு வயதுப் பெண்ணை நீச்சலுடையில் எடுத்த படம் என்று பேச்சு வேறு திசையில் போயிருக்கும். திருத்தம் வந்த பிறகு அந்தத் தொனியிலும் சிலர் பேசினார்கள். படம் என்னவோ அதே படம். என் பார்வையில் அந்தச் சந்தேகமும் அந்தப் பாசத்தைப் போலவே வெளியிலிருந்து கொண்டுபோய் வைத்தது. படத்தில் இருப்பதை வைத்துச் சொல்வதென்றால், அவர் எடுத்தவற்றில் இன்னொரு படத்தைப் பார்க்கவேண்டும். அதில் கிறிஸ்டினா தனியாக இல்லை. அம்மாவும் உடன்பிறந்தவளும் கூடவே கூழாங்கல் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தப் படத்தை வைரல் பட்டியல்களில் அதிகம் போடுவதில்லை. காரணம் புரிகிறது. மற்ற இருவரும் வந்தவுடன் காலம் வந்துவிடுகிறது, 1913 வந்துவிடுகிறது, 'நேற்று எடுத்த மாதிரி' என்று சொல்ல முடியாது. அந்த வசீகரம் போய்விடுகிறது. ஆனால் நமக்குத் தேவையான தகவல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு குடும்பம் கடலுக்கு வந்திருக்கிறது. தெரிந்த ஒருவர் ஒரு புதுமாதிரி கேமராத் தகட்டோடு வந்திருக்கிறார். மணிக்கணக்கில் பொழுது இருக்கிறது. அதில் கொஞ்ச நேரம் இந்தப் பெண் சிவப்பைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள், உட்கார்ந்திருக்கிறாள், பிறகு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எது முதலில் எது பிறகு என்பது என் வரிசைதான், தகடுகளில் நேரம் குறித்துவைக்கவில்லை.

கிறிஸ்டினா பெவன் 1981 வரை இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓ'கார்மன் 1958இல் இறந்தார். ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டியின் சேகரிப்பு இப்போது பிராட்ஃபோர்டிலிருந்து லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அதன் இணையப் பட்டியலில் ஓ'கார்மன் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கடற்கரையில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் படம் கிடைத்தால், சிவப்பைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் மற்ற இருவரையும் பாருங்கள்.